இன்ஜினியர் வீட்டுப் பாடம்

அந்த வீட்டில் என்னைச் சேர்த்துவிட்டது என் நாத்தனார். அங்கே சமையல் அவள் பொறுப்பு. இங்கிலாந்திலிருந்து வந்த குடும்பம். துறைமுகத்தில் புதுத் தளம் கட்டும் வேலையைப் பார்க்க வந்த இன்ஜினியர், அவர் மனைவி, பத்து வயதில் ஒரு பெண், ஐந்து வயதில் ஒரு பையன். இன்ஜினியர் ஒன்றரை வருஷத்துக்கு முன்பே தனியாக வந்துவிட்டார். மற்ற மூவரும் வந்து நாலு மாதம்கூட ஆகவில்லை. வந்த வாரமே பெண்ணை ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்டார்கள்.

"அந்தம்மாவுக்கு நம்ம பாஷை கத்துக்கணுமாம். பள்ளிக்கூடம் விட்டதும் நீ நேரா வந்துடு. வாரத்துல மூணு நாள் போதும்," என்றாள் நாத்தனார். பிறகு என் காதருகே வந்து, "ஆனா வீட்டுக்காரருக்குத் தெரியக்கூடாதாம். அவர் கேட்டா, பிள்ளைங்களுக்குச் சொல்லிக்குடுக்க வர்றேன்னு சொல்லணுமாம்," என்றாள்.

அங்கேயே எனக்கு மூக்கில் வியர்த்துவிட்டது. ஒரு பெண் புருஷனுக்குத் தெரியாமல் புடவை வாங்கலாம், பிறந்த வீட்டுக்குக் கடிதம் போடலாம். ஒரு மொழியை எதற்கு ஒளித்துவைத்துக் கற்றுக்கொள்ள வேண்டும்? நான் ஒரு சந்தேகப் பிராணி. அதை மறைத்துப் பிரயோஜனமில்லை. வகுப்பில் ஒரு பிள்ளை எல்லாக் கணக்கையும் சரியாகப் போட்டுவிட்டால், யாரைப் பார்த்து எழுதியது என்றுதான் முதலில் எனக்குத் தோன்றும்.

வீடு கடற்கரைச் சாலையின் கடைசியில் இருந்தது. உப்புக் காற்றில் ஜன்னல் கொக்கிகள் எல்லாம் துருவேறி, திறந்தால் மூடாது, மூடினால் திறக்காது. அலமாரிப் புத்தகங்கள் ஈரத்தில் ஊறி உப்பியிருந்தன. தோல் செருப்பைக் கழற்றி வைத்தால் மூன்று நாளில் பூஞ்சை பிடிக்கும். அந்தம்மா கையில் எப்போதும் ஒரு பழைய துணி இருக்கும். எதையாவது துடைத்துக்கொண்டே இருப்பார். நாலு மணிக்கு டீயும் வெண்ணெய் தடவிய ரொட்டியும். சனிக்கிழமை காலையில் நீல நிற விமானத் தபால் தாளில் தாயாருக்குக் கடிதம். வியாழக்கிழமை மற்ற வெள்ளைக்காரப் பெண்கள் சீட்டாட வருவார்கள். அன்றைக்கு நான் அந்தப் பக்கமே போகக்கூடாது.

முதல் நாள் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்ததும் அந்தம்மா கைகூப்பி, "அம்மையீர், தாங்கள் நலமாக உள்ளீர்களா? தாங்கள் என்னுடன் தேநீர் அருந்துதல் வேண்டும்," என்றார். ஊரிலிருந்து வரும்போதே யாரோ பாதிரியார் எழுதிய பழைய இலக்கணப் புத்தகம் ஒன்றைத் தேடிப் பிடித்து மனப்பாடம் செய்திருக்கிறார். அடுப்பங்கரையில் நாத்தனார் கரண்டியைக் கீழே போட்டாள்.

"இப்படிப் பேசினா கடைக்காரன் எழுந்து நின்னு கும்பிடுவான். சாமான் குடுக்க மாட்டான்," என்று ஆங்கிலத்தில் விளக்கினேன். அந்தம்மா சிரித்தார். ஆனால் சட்டென்று முகம் மாறி, "எனக்கு எழுத்துகூட வேண்டாம் டீச்சர். காதில் விழுவது புரிந்தால் போதும்," என்றார்.

காதில் விழுவது. அந்த வார்த்தையை நான் பத்திரமாக எடுத்து வைத்துக்கொண்டேன்.

கெட்டிக்காரப் பெண்மணி. இரண்டே வாரத்தில் வந்தான், வந்தாள், வந்தது எல்லாம் பிடிபட்டுவிட்டது. மூன்றாம் வாரம் ஒரு செவ்வாய்க்கிழமை, கவுன் பையிலிருந்து ஒரு துண்டுக் காகிதத்தை எடுத்து மேஜையில் வைத்தார். ஆங்கில எழுத்தில், காதில் விழுந்ததை அப்படியே எழுதியிருந்தார். வாய்விட்டுப் படித்தால்தான் புரிந்தது. "இன்னிக்கு எத்தனை அடி?"

"மார்க்கெட்டில் யாரோ பேசினார்கள்," என்றார்.

"இன்றைக்கு எத்தனை அடி என்று அர்த்தம். அடி என்றால் நீளம் அளக்கிறது."

"ஆழமும் அளக்கலாமா? கடலில்?"

"அளக்கலாமே."

அவர் மூச்சை மெதுவாக விட்டார். வெகு நேரமாகப் பிடித்து வைத்திருந்த மூச்சு மாதிரி இருந்தது. மார்க்கெட்டில் எவன் கடலை அளக்கிறான் என்று நான் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை இன்னொரு துண்டு. "நேத்து வர முடியல, மனசுல வெச்சுக்காதீங்க." அடுத்த வாரம், "யார்கிட்டயும் சொல்லாதீங்க." இதுவும் மார்க்கெட்டாம். நான் அர்த்தம் சொன்னேன். அவர் குனிந்து எழுதிக்கொண்டார். பென்சில் முனை உடைந்தது.

அன்று பாடம் முடிந்ததும் அடுப்பங்கரைக்குள் போய்க் கதவைச் சாத்தினேன்.

"இந்த வீட்டுல போன்ல யாரு நம்ம பாஷை பேசுறாங்க?" என்று நாத்தனாரைக் கேட்டேன்.

அவள் பாத்திரத்தை அப்படியே வைத்துவிட்டுத் திரும்பினாள். "உனக்கு எப்படித் தெரியும்?"

"யாரு?"

"அவருதான். அந்தம்மா மாடியில பிள்ளைங்களைக் குளிப்பாட்டுற நேரத்துக்கு, காலையில ஆறரை மணிக்கு, கூடத்துல இருக்கிற போனை எடுப்பாரு. ரெண்டு நிமிஷம், மூணு நிமிஷம். நான் வந்தா வெச்சுடுவாரு. எங்கிட்ட கையைக் காலை ஆட்டித்தான் பேசுவாரு, ஒரு வார்த்தை வராது. ஆனா போன்ல அப்படியே நம்ம ஆளு மாதிரி பேசுறாரு! நான் எதையோ தப்பாக் கேட்டுட்டேன்னு நினைச்சேன்."

"வீட்டுக்கு எத்தனை மணிக்கு வர்றாரு?"

"ஆபீஸ் அஞ்சுக்கு முடியுது. வர்றது ஏழு மணிக்கு." அவள் கண்ணை அகல விரித்தாள். "சின்ன வீடா?"

"பேச்செல்லாம் வாங்க போங்கன்னு மரியாதையா இருக்கே."

"வெள்ளைக்காரன் வெச்சுக்கிட்டாலும் மரியாதையாத்தான் வெச்சுக்குவான்போல," என்றாள் நாத்தனார்.

எங்கள் இருவருக்கும் அன்றைக்கே தீர்ப்பு எழுதியாகிவிட்டது. ஒன்றரை வருஷம் தனியாக இருந்த மனிதன். ஊர்ப் பேச்சை இவ்வளவு நன்றாகப் பேசுகிறான். அதைப் பெண்டாட்டியிடம் மறைக்கிறான். வேறு என்ன இருக்க முடியும்?

இன்ஜினியரை அதுவரை நான் இரண்டு தடவைதான் பார்த்திருந்தேன். ஊரில் அவருக்கு நெட்டையன் என்று பெயர். கதவுக்குக் கதவு குனிந்து நடப்பார். ஒரு நாள் வயிற்றுக் கோளாறு என்று ஆபீஸ் போகாமல் வீட்டில் இருந்தார். நான் போனபோது கூடத்தில் செய்தித்தாள் விரித்து உட்கார்ந்திருந்தார். ஒப்புக்குச் சின்னவனைக் கூப்பிட்டு உட்காரவைத்து அம்மா, ஆடு என்று ஆரம்பித்தேன். நாத்தனார் அவருக்காகக் காய்ச்சிய ஓட்ஸ் கஞ்சியைத் தட்டில் ஏந்திக்கொண்டு வந்தவள், என்னைப் பார்த்து, "இதைச் சுவத்துல பூசினா பத்து மழைக்குத் தாங்கும். இதைப் போய் வயித்துக்குள்ள பூசுறாங்க," என்றாள்.

செய்தித்தாள் நடுங்கியது. அதற்குப் பின்னாலிருந்து ஒரு இருமல் வந்தது. சிரிப்பை விழுங்கினால் வரும் இருமல். எத்தனை வகுப்புகளில் அதைக் கேட்டிருக்கிறேன்! தாள் தாழ்ந்தபோது அவர் முகம் கல்லாக இருந்தது. ஆங்கிலத்தில், "பிள்ளைகள் நன்றாகப் படிக்கிறார்களா?" என்று விசாரித்தார். என் கண்ணையே பார்த்துக்கொண்டு கேட்டார். எனக்கு அவர் மேல் சந்தேகம். அவருக்கு என் மேல். மாடிப் படியில் உட்கார்ந்து காலாட்டிக்கொண்டிருந்த மூத்த பெண் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

அதற்கு மறுவாரம்தான் அந்தத் துண்டு வந்தது.

"இன்னிக்கு நடந்தானா? விழுந்துடப்போறான், பாத்துக்கோங்க."

வாய்விட்டுப் படித்தவள் பாதியில் நிறுத்திவிட்டேன். நடந்தானா. விழுந்துவிடப்போகிறான். தத்தித் தத்தி நடக்கிற பிள்ளை! அப்படியானால் முதல் துண்டில் இருந்த அடி கடலின் ஆழமே இல்லை. குழந்தை எடுத்து வைக்கிற அடி.

அந்தம்மா என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். மாடியில் சின்னவன் ஏதோ பாட்டுப் பாடிக்கொண்டிருந்தான். ஒரு குடும்பத்தைக் கெடுத்த பாவம் எனக்கெதற்கு என்று தோன்றியது. இன்னொன்றும் இருந்தது, இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது. அவருக்குத் தெரியாதது எனக்குத் தெரிகிறது என்பதில் ஒரு ருசி இருந்தது.

"நடந்ததா என்று கேட்கிறார்கள். வேலை நடந்ததா? சாமான் ஏதாவது விழுந்துவிடும், ஜாக்கிரதை என்று," என்றேன்.

"ஆன் என்று முடிந்தால் ஆண்பிள்ளை என்று நீங்கள்தானே சொன்னீர்கள்?"

"உங்கள் காதில் அப்படி விழுந்திருக்கும். வேகமாகப் பேசினால் எல்லாம் ஒரே மாதிரிதான் கேட்கும்."

அவர் தலையாட்டினார். நம்பினாரா என்று எனக்குத் தெரியவில்லை. துண்டை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

மறுநாள் பாடம் இல்லாத நாள். பள்ளிக்கூடம் விட்டதும் துறைமுகத்துக்கு எதிரே இருந்த டீக்கடையில் போய் உட்கார்ந்தேன். ஐந்து மணி அடித்ததும் இன்ஜினியரின் சாம்பல் நிறக் கார் வெளியே வந்தது. அது வீட்டுப் பக்கம் திரும்பவில்லை. பழைய மார்க்கெட்டுக்குப் பின்னால் போகும் தெருவில் நுழைந்தது. குறுகல் தெரு, கார் வேகமாகப் போக வழியில்லை. நான் நடந்தே பின்தொடர்ந்தேன். ஒரு மருந்துக் கடை முன்னால் கார் நின்றது. கடை வாசலில் காசு கொடுத்துப் பேச ஒரு போன் வைத்திருந்தார்கள். பக்கவாட்டில் ஒரு ஆள் மட்டும் ஏறக்கூடிய மாடிப்படி. இன்ஜினியர் கக்கத்தில் ஒரு பொட்டலத்தோடு குனிந்து ஏறினார். கதவைத் தட்டவில்லை. உள்ளிருந்து ஒரு பெண்ணின் கை நீண்டு பொட்டலத்தை வாங்கிக்கொண்டது. அவர் செருப்பைக் கழற்றிவிட்டு, சொந்த வீட்டுக்குள் போகிறவர் மாதிரி போனார்.

"பார்த்தேன். கண்ணால பார்த்தேன்," என்று நாத்தனாரிடம் போய்ச் சொன்னேன்.

"ஐயோ, இந்தம்மா தலையில இடி விழுந்த மாதிரியில்ல இருக்கும்," என்று அவள் மூக்கைச் சிந்தினாள். ஆனால் பொட்டலம் எவ்வளவு பெரியது என்பதையும் கேட்டுத் தெரிந்துகொண்டாள்.

வெள்ளிக்கிழமை நான் போனபோது மேஜையில் டீ இல்லை. அந்தம்மா ஒரே ஒரு துண்டை எனக்கு முன்னால் தள்ளினார். இந்தத் தடவை மார்க்கெட் என்று சொல்லவில்லை.

"என் சம்சாரத்துக்கு இப்பத் தெரிய வேண்டாம். அவன் நல்லா நடக்கட்டும்."

"சம்சாரம் என்றால் என்ன டீச்சர்? என் புத்தகத்தில் உலக வாழ்க்கை என்று போட்டிருக்கிறது."

"அதேதான்," என்றேன். "உலகத்துக்கு இப்போது தெரிய வேண்டாம். வேலை நல்லபடி நடக்கட்டும். ஆபீஸ் விஷயம் ஏதோ..."

"பொய்," என்றது ஒரு குரல்.

மாடிப் படியில் மூத்த பெண் நின்றுகொண்டிருந்தாள். கையில் ஸ்கிப்பிங் கயிறு. இறங்கி வந்து, எங்கள் தெருப் பிள்ளைகள் பேசுவதுபோலவே, துளி பிசிறு இல்லாமல் பேசினாள்.

"சம்சாரம்னா பொண்டாட்டி. நடக்கட்டும்னு சொன்னது வேலையை இல்ல, ஒரு ஆளை. அன்னைக்கும் தப்பாத்தான் சொல்லிக்குடுத்தீங்க. நடந்தானான்னா அவன் நடந்தானான்னு அர்த்தம். வேலைன்னா நடந்துச்சான்னு வரும். இது எங்க பள்ளிக்கூடத்துல ஒண்ணாங்கிளாஸ் பிள்ளைக்கே தெரியும் டீச்சர்."

அந்தம்மா தன் மகளைப் புதிதாகப் பார்ப்பதுபோல் பார்த்தார். பிறகு இருவரும் ஆங்கிலத்தில் பேசினார்கள். உனக்கு எப்போதிலிருந்து புரிகிறது என்று தாய் கேட்டார். இரண்டாம் மாதத்திலிருந்து என்றாள் பெண். அப்பா பேசுவதும் புரிந்ததா? புரிந்தது. ஏன் என்னிடம் சொல்லவில்லை?

"அப்பா ஒளிந்து பேசுகிறார். நீங்கள் படியில் ஒளிந்து கேட்கிறீர்கள். யாருக்கு எதைச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை," என்றாள் அந்தப் பெண். அதற்குப் பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது.

மகளை அணைத்தபடியே அந்தம்மா என் பக்கம் திரும்பினார். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன். எடைக்கல்லை உள்ளங்கையில் வைத்துப் பார்ப்பதுபோல் பார்த்தார். "உங்களுக்கு வேறு என்ன தெரியும்?" என்றார்.

சொல்லிவிட்டேன். மருந்துக் கடை, மாடிப்படி, கை.

மணி ஐந்தேகால். அந்தம்மா நாத்தனாரிடம் பிள்ளைகளை ஒப்படைத்துவிட்டு, முகத்தைக் கழுவி, தொப்பி போட்டுக்கொண்டு கிளம்பினார். "நீங்களும் வர வேண்டும்," என்றார். டாக்ஸியில் நேரே சாலையையே பார்த்துக்கொண்டு வந்தார். நான் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, குழந்தை எந்தச் சாயலில் இருக்கும் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். புத்தி அப்போதும் அங்கேதான் போனது.

மருந்துக் கடைக்கு முன்னால் கார் நின்றிருந்தது. படியேறும்போதே மேலே எண்ணுவது கேட்டது. இன்ஜினியரின் குரல்.

"பத்து... பதினொண்ணு... அவசரப்படாத. காலை ஊனு. பன்னெண்டு..."

அந்தம்மா கதவைத் தள்ளினார்.

ஒற்றை அறை. சுவருக்குச் சுவர், இடுப்பு உயரத்தில், இரண்டு கப்பல் கயிறுகள் இழுத்துக் கட்டியிருந்தன. நடுவில் முப்பது வயது மதிக்கத்தக்க ஒரு ஆள். கயிறுகளை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றான். வலது தொடையிலிருந்து கணுக்கால்வரை தோல்வாரும் இரும்புப் பட்டையும் போட்டுக் கட்டியிருந்தது. இன்ஜினியர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, அவன் இடுப்பைப் பிடித்தபடி பின்னால் குனிந்து நின்றார். மூலையில் வயதான பெண் ஒருத்தி துணி மடித்துக்கொண்டிருந்தாள். அவள் கைதான் அன்று நான் பார்த்த கை. அந்த ஆளின் தாய்.

இன்ஜினியருக்கு மனைவியைப் பார்த்ததும் ஒரு கணம் எந்த மொழியும் வரவில்லை. பிறகு ஆங்கிலத்தில் வேகமாக ஏதோ தொடங்கினார். அந்தம்மா கையை உயர்த்தினார்.

"இங்கிலீஷ் வேண்டாம்," என்றார், எங்கள் பேச்சில். உச்சரிப்பு தடுக்கியது. ஆனால் வார்த்தைகள் சரியாக இருந்தன. "எனக்குப் புரியும். இவங்களுக்கும் புரியணும். சொல்லுங்க."

புருஷனும் பெண்டாட்டியும் அந்த மொழியில் முதல் தடவையாகப் பேசிக்கொண்டது அப்போதுதான். இருவருக்கும் சொந்தமில்லாத மொழி. இன்ஜினியர் முதலில் அந்த ஆளைக் கட்டிலில் உட்காரவைத்தார். அவர் நிமிர்ந்தபோது கூரை தலையில் இடித்தது.

"எட்டு மாசத்துக்கு முன்னாடி ஒரு விபத்து நடந்துச்சு. உனக்கு எழுதினேன்."

"தொழிலாளி கவனம் இல்லாம நின்னார்னு எழுதினீங்க."

"ஆமா."

"அப்போ நீங்க ஏன் தினமும் இங்க வரணும்?"

தாய்க்காரிதான் குறுக்கே வந்தாள். "திட்டாதீங்கம்மா. தங்கமான மனுஷன். என் பையன் இனி எழுந்திருக்கவே மாட்டான்னு டாக்டர் சொல்லிட்டாரு. இவர்தான் தினமும் வந்து கையைப் பிடிச்சு நிக்கவெச்சாரு. விடிஞ்சதும் எத்தனை அடி நடந்தான்னு கீழக் கடை போன்ல எங்கிட்ட கேட்டுக்குவாரு. நம்ம பாஷைகூட இங்க வந்து எங்கிட்ட பேசிப் பேசித்தான் கத்துக்கிட்டாரு."

"இல்லம்மா," என்றார் இன்ஜினியர்.

"என்ன இல்ல?"

"எனக்கு முன்னாடியே தெரியும்."

தாய்க்காரி மடித்துக்கொண்டிருந்த துணியை மடியில் வைத்தாள்.

"அன்னைக்குக் காத்து அதிகம்," என்று இன்ஜினியர் சொன்னார். சொல்லும்போது மனைவியைப் பார்க்கவில்லை, அந்த ஆளையும் பார்க்கவில்லை. கயிற்றைப் பார்த்தார். "படகுல இருந்து இரும்புத் தூணைக் கிரேன்ல தூக்கணும். வேலை ஏற்கெனவே பத்து நாள் பிந்திப்போச்சு. உங்க பையன் கீழ நின்னு, தூக்காதீங்க, காத்து அடிக்குது, நிறுத்துங்கன்னு கத்தினான். எனக்குக் கேட்டுச்சு. புரிஞ்சுது. தூக்குன்னு சொன்னேன். தூண் காத்துல ஆடி அவன் கால் மேல விழுந்துச்சு."

"விசாரணையில?" என்று கேட்டார் அந்தம்மா.

"எனக்கு இந்த பாஷை தெரியாது, அவன் என்ன கத்தினான்னு புரியலைன்னு எழுதிக்குடுத்தேன். கம்பெனியில அப்படி எழுதச் சொன்னாங்க. நானும் எழுதினேன்."

அப்போதுதான் எனக்கு எல்லாம் விளங்கியது. ஊர்ப்பேச்சை அவர் ஏன் ஒருவர் முன்னாலும் வாயில் எடுக்கவில்லை, நாத்தனாரிடம் ஏன் கையைக் காலை ஆட்டினார், சிரிப்பை ஏன் விழுங்கினார். நான் பிடித்த திருட்டு வேறு. அங்கே நடந்திருந்த திருட்டு வேறு.

தாய்க்காரி எழுந்தாள். "இவன் நிக்கக்கூடாத இடத்துல நின்னான்னு பேப்பர்ல போட்டாங்க. கூட வேலை செஞ்சவங்க எல்லாம் நம்பினாங்க. நானே நம்பினேன். பெத்தவ நானே இவனைத் திட்டினேனே!" அவள் மகன் பக்கம் திரும்பினாள். "நீ ஏன்டா வாயைத் திறக்கல?"

அந்த ஆள் தன் காலை இரண்டு கையாலும் தூக்கிக் கட்டிலில் வைத்துக்கொண்டான். "அவருக்குப் புரிஞ்சுதுன்னு எனக்கு அன்னைக்கே தெரியும்மா. நான் கத்தினப்போ அவர் என் மூஞ்சியைப் பார்த்தாரு. நான் சொன்னா யாரு நம்புவாங்க? அப்புறம் ஒரு நாள் இங்க வந்து நின்னாரு. முதல்ல நடந்துடலாம், அப்புறம் கேட்டுக்கலாம்னு இருந்தேன்." இன்ஜினியரை நிமிர்ந்து பார்த்தான். "நீங்களா எப்போ சொல்லுவீங்கன்னு தினமும் பார்த்துட்டிருந்தேன். நீங்க எண்ணிட்டே இருந்தீங்க."

"நீ நடந்ததும் சொல்லணும்னுதான்..." என்று ஆரம்பித்தார் இன்ஜினியர்.

"வெளிய போங்க," என்றாள் தாய்க்காரி.

அவர் செருப்பை மாட்டிக்கொள்ள வெகு நேரம் பிடித்தது. அந்தம்மா போகவில்லை. தாய்க்காரிக்கு முன்னால் நின்று எதையோ சொல்ல வார்த்தை தேடினார். மன்னிப்பு என்ற சொல்லை நான் இன்னும் கற்றுக்கொடுத்திருக்கவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்தார். பார்த்துவிட்டு, கேட்காமலே தலையைத் திருப்பிக்கொண்டார். நான் எந்தச் சொல்லைக் கொடுத்தாலும் அது வேறொன்றாக இருக்கலாம் என்று நினைத்திருப்பார். கடைசியில், "நாளைக்கு நான் வரலாமா?" என்று மட்டும் கேட்டார். தாய்க்காரி கீழே கிடந்த துணியைப் பொறுக்கி மறுபடி மடித்தாள்.

அடுத்த வாரத்தில் இன்ஜினியர் விசாரணை அலுவலகத்துக்குப் போய் நடந்ததை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். முதல் அறிக்கையை ரத்து செய்தார்கள். தொழிலாளி மேல் தவறில்லை என்று புதிதாக எழுதி, துறைமுக வாசலில் ஒட்டினார்கள். கம்பெனி அவரை வேலையிலிருந்து நீக்கியது. அடுத்த ஆள் வரும்வரை இரண்டு மாதம் மட்டும் இருக்கச் சொன்னது. வியாழக்கிழமைச் சீட்டாட்டம் நின்றுபோனது. ஒருத்தியும் வரவில்லை என்றாள் நாத்தனார். ஊரில் பாதிப் பேர், ஒப்புக்கொண்டானே, ஆம்பளை என்றார்கள். மீதிப் பேர், இதைவிடப் பெரிசா எதையோ மறைக்கத்தான் இதை ஒத்துக்கிட்டிருக்கான் என்றார்கள்.

அந்தம்மா மறுநாள் அந்த மாடிக்குப் போனாராம். தாய்க்காரி கதவைத் திறக்கவில்லை. அதற்கு மறுநாளும் போனார். நாலாவது நாள் மகனே, "வரட்டும்மா. கயித்தைப் பிடிக்க ஒரு ஆள் வேணும்," என்று சொல்லியிருக்கிறான். அதிலிருந்து தினமும் அந்தம்மாதான் போனார். இன்ஜினியர் காரில் கொண்டுவந்து விட்டுவிட்டுக் கீழேயே உட்கார்ந்திருப்பார்.

எனக்கு மூன்று வாரம் அழைப்பு வரவில்லை. பொறுக்க முடியாமல் நானே போனேன். அந்தம்மா வாசலிலேயே நிற்கவைத்துப் பேசினார், எங்கள் பேச்சில்.

"நீங்க என் மேல இரக்கப்பட்டீங்க. அதான் மாத்திச் சொன்னீங்க. இல்லையா?"

"ஆமாங்க."

"என்ன நினைச்சீங்க?"

"சின்ன வீடு இருக்குன்னு நினைச்சேன்."

"சின்ன வீடுன்னா? அந்த மாடி ரூம் சின்னதுதானே?"

வேறு வழியில்லாமல் விளக்கினேன். அவர் நிலையில் சாய்ந்துகொண்டு சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. "நானும் அதேதான் நினைச்சேன் டீச்சர். அதுவா இருந்திருந்தா எனக்குக் கோபப்படத் தெரிஞ்சிருக்கும்."

"இப்போ?"

"இப்போ அவர் போனை எடுத்தா இன்னும் படியிலதான் நிக்கிறேன்." கதவை அகலமாகத் திறந்தார். "உள்ள வாங்க. தப்பாப் பேசினா திருத்துங்க. ஆனா நல்லதுக்குன்னு எதையும் மாத்தாதீங்க."

ஒவ்வொரு வார்த்தைக்கும் அர்த்தம் சொன்ன பிறகு, மாடிப் படியைப் பார்த்து, "சரியா?" என்று கேட்பார். மூத்தவள் அங்கிருந்து தலையாட்டுவாள். அதற்கப்புறம்தான் எழுதிக்கொள்வார். எனக்கு அவமானமாகத்தான் இருந்தது. வாங்கிக்கொண்டேன்.

அவர்கள் ஊரைவிட்டுக் கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பு, விடைபெற்றுக்கொள்ள அந்தம்மா பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு அந்த மாடிக்குப் போனார். என்னையும் வரச் சொன்னார். அந்த ஆள் கயிற்றை விட்டுவிட்டு, ஒரு கைத்தடியோடு வாசல்வரை வந்து நின்றான். சின்னவன் அவன் காலிலிருந்த இரும்புப் பட்டையைத் தட்டிப் பார்த்தான். தாய்க்காரி ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்தாள்.

"வெயில்ல உக்காந்திருக்காரா?"

"ஆமாம்மா," என்றார் அந்தம்மா.

அவள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள். பிறகு பானையிலிருந்து ஒரு சொம்பில் தண்ணீர் மொண்டு அந்தம்மா கையில் கொடுத்தாள். "குடுத்துடுங்க. சொம்பைக் கடையில வெச்சுட்டுப் போகச் சொல்லுங்க."

மேலே கூப்பிடவில்லை.

நாங்கள் இறங்கிப் போனோம். இன்ஜினியர் காரிலிருந்து வெளியே வந்து, இரண்டு கையாலும் சொம்பை வாங்கி, ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்தார். வாயைத் துடைத்துக்கொண்டு, மனைவியிடம் குனிந்து ஆங்கிலத்தில் ஏதோ மெதுவாகச் சொன்னார். அந்தம்மா அவர் முகத்தையே பார்த்தார். எவ்வளவோ காதைத் தீட்டியும் தெரு இரைச்சலில் எனக்கு ஒன்றும் விழவில்லை. பக்கத்தில் நின்ற மூத்தவளை மெல்ல இடித்து, "என்ன சொல்றாரு?" என்று கேட்டேன்.

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"அது எங்க வீட்டு விஷயம் டீச்சர்," என்று சொல்லிவிட்டு, தம்பியைக் காருக்குள் ஏற்றப் போனாள்.